291ஆம் எண் கோப்பும் அன்றைய கேலிகளும்: கிரவுட்ஸ்ட்ரைக் முடக்கம், ஜூலை 19, 2024

இந்திய நேரம் காலை 9:39க்கு கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் ஃபால்கன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சின்னக் கோப்பை உலகம் முழுக்க அனுப்பியது. 10:57க்குத் திரும்பப் பெற்றுக்கொண்டது. நடுவில் 78 நிமிடம். மைக்ரோசாஃப்ட் பிறகு சொன்ன கணக்குப்படி, அந்த நேரத்துக்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரை (விண்டோஸ் விழும்போது வரும் பிழைத் திரை) காட்டிப் படுத்துவிட்டன. மொத்த விண்டோஸ் கணினிகளில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் காசு கொடுத்து ஃபால்கன் போடுகிறவர்கள் யார்? விமான நிறுவனம், வங்கி, ஆஸ்பத்திரி, டிவி சேனல். நின்றால் ஊருக்கே தெரிகிற இடங்கள்.

காரணம் என்ன என்று கம்பெனிக்கே முழுசாகத் தெரியாத அந்த நேரத்தில், எங்கள் மென்பொருள் தொழில்காரர்கள் காரணத்தைச் சொல்லி முடித்துவிட்டார்கள், எல்லாம் ஜோக்காக. டீ பிரேக்கில், டீம் குரூப்பில், நீலத் திரை போட்டோவுக்குக் கீழே. கிரவுட்ஸ்ட்ரைக் முதற்கட்ட அறிக்கையை ஜூலை 24 அன்றும், விரிவான மூலக்காரண அறிக்கையை ஆகஸ்ட் 6 அன்றும் வெளியிட்டது. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அன்றைய கேலிகளைத் திருத்திப் பார்த்தால், பெரும்பாலானவை ஃபெயில். இரண்டு மட்டும் பாஸ். அந்த இரண்டுதான் இந்த நிகழ்வின் உயிர்நாடி என்பது என் கருத்து.

முதலில் சொல்லப்பட்டது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: “வெள்ளிக்கிழமை எவன்டா டெப்ளாய் பண்ணச் சொன்னது?” டெப்ளாய் என்றால் புதிய மாற்றத்தை வெளியே அனுப்புவது. வாரக் கடைசியில், மக்கள் பயன்படுத்திக்கொண்டிருக்கும் அமைப்பான புரொடக்‌ஷனைத் தொடுவது எங்கள் தொழிலில் கிட்டத்தட்ட சாமி குத்தம் மாதிரி. ஆனால் கிரவுட்ஸ்ட்ரைக்கின் தலைமையகம் டெக்சஸ் மாநிலம் ஆஸ்டினில் இருக்கிறது. அங்கே அப்போது வியாழக்கிழமை இரவு 11:09. அனுப்பியவர்களுக்கு வெள்ளிக்கிழமை பிறக்கவே இல்லை. வாங்கிக்கொண்ட நமக்குத்தான் பிறந்திருந்தது. போதாததற்கு, இந்த வகைக் கோப்புகள் கிழமை பார்த்துப் போவதில்லை. புதிய தாக்குதல் முறை கண்ணில் பட்டால் உடனே அனுப்ப வேண்டும், ஒரு நாளைக்குப் பல தடவைகூட. திருடன் திங்கட்கிழமைதான் வருவேன் என்று சொல்லப்போவதில்லையே.

அந்த நேரக்கணக்கு நமக்கு வேறு விதத்தில் பாதகமாக அமைந்தது. அந்த 78 நிமிடத்தில் இயங்கிக்கொண்டு, இணையத்தில் இருந்த கணினிதான் கோப்பை வாங்கியது. அமெரிக்காவில் பல லேப்டாப்கள் மூடிக் கிடந்தன. இங்கே ஆபீஸ் திறந்து முதல் காபி ஆறுவதற்குள் வந்து சேர்ந்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் மதிய வேலை நேரம். விமான நிலையக் கவுன்டர்களுக்கு இரவு பகல் கிடையாது என்பதால் அவை எல்லா ஊரிலும் மாட்டின.

இரண்டாவது கேலி, “அந்த இன்டர்ன் இப்போ எங்கே?” பெல்ஜியத்தைச் சேர்ந்த நையாண்டிக்காரர் ஒருவர், கிரவுட்ஸ்ட்ரைக் அலுவலக வாசலில் நிற்பது போல ஒட்டுவேலை செய்த படத்தைப் போட்டு, இன்று முதல் நாள் வேலை, சின்னதாக ஒரு அப்டேட் அனுப்பிவிட்டு மதியம் லீவு என்ற பொருளில் எழுதினார். லட்சக்கணக்கில் பரவியது. நம் ஊர் வாட்ஸ்அப் குரூப்களில் அதை நிஜமென்றே நம்பி, பாவம் அந்தப் பையன் என்று பரிதாபப்பட்டவர்களும் உண்டு. அறிக்கையில் அப்படி எந்தப் பையனும் இல்லை. இருப்பது பிப்ரவரியில் விழுந்த ஒரு ஓட்டை, மார்ச்சிலும் ஏப்ரலிலும் கண்ணில் படாமல் தாண்டி, ஜூலையில் வெடித்த கதை.

அந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஃபால்கன், விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் டிரைவராக உட்கார்ந்து வேலை செய்கிறது. கணினி எழும்போதே அதுவும் சேர்ந்து எழும். அதற்கு இரண்டு விதமான தீனி. ஒன்று, கணினியில் இருக்கும் ஃபால்கனின் சென்சார் மென்பொருளுக்குப் புதிய பதிப்பு. இது முறையாகச் சோதிக்கப்பட்டு வரும், வாடிக்கையாளரும் ஒன்றிரண்டு பதிப்பு பின்தங்கியே இருக்கிறேன் என்று தேர்ந்துகொள்ளலாம். இன்னொன்று, சானல் கோப்பு. இதில் கோடு (நிரல் வரிகள்) கிடையாது, என்ன தேட வேண்டும் என்ற விவரம் மட்டும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒரு இன்டர்ப்ரெட்டர் அதைப் படித்து, அதன்படி நடக்கும். 2024 பிப்ரவரியில் வந்த 7.11 பதிப்பில், விண்டோஸ் புரோகிராம்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் ‘நேம்டு பைப்’ வழியாக நடக்கும் தாக்குதல்களைப் பிடிக்க ஒரு புதிய டெம்ப்ளேட் சேர்த்தார்கள். அதற்கான விவரங்கள் 291ஆம் எண் சானல் கோப்பில் வரும்.

டெம்ப்ளேட்டின் வரையறையில் 21 உள்ளீடுகள். ஆனால் அதை அழைக்கும் சென்சார் கோடு 20 உள்ளீடுகளைத்தான் கொடுத்தது. படிவத்தில் 21 கட்டம், கவுன்டருக்கு வந்தவர் கையில் 20 பதில். இப்படி இருந்தும் ஐந்து மாதம் எப்படி ஓடியது? 21ஆம் கட்டத்தில் அதுவரை ‘எதுவாக இருந்தாலும் சரி’ என்ற வைல்டுகார்டே போடப்பட்டிருந்தது. எதுவாக இருந்தாலும் சரி என்றால் இன்டர்ப்ரெட்டர் அந்தப் பதிலைத் திறந்து பார்க்கவே தேவையில்லை. மார்ச் 5 அன்று போன முதல் கோப்பு அப்படி. ஏப்ரலில் போன மூன்றும் அப்படியே. டெவலப்மென்ட்டில் செய்த சோதனைகளிலும் 21ஆம் இடத்தில் வைல்டுகார்டே இருந்தது.

ஜூலை 19 அன்று இரண்டு புதிய விதிகள் போயின. அவற்றில் ஒன்று, முதல்முறையாக, 21ஆம் உள்ளீட்டில் குறிப்பிட்ட ஒரு மதிப்பைத் தேடச் சொன்னது. இன்டர்ப்ரெட்டர் 20 இடமுள்ள வரிசையில் 21ஆவதை எட்டிப் பார்த்தது. அங்கே இருந்தது எதற்கோ உரிய குப்பை முகவரி. அதைப் படிக்கப் போனதும் கெர்னல் விழுந்தது. சாதாரண புரோகிராம் விழுந்தால் அந்த ஜன்னல் மட்டும் மூடும். கெர்னலில் விழுந்தால் கணினியே நிற்கும். மறுபடி எழுந்தால், எழும்போதே ஃபால்கனும் எழுந்து, அதே கோப்பைப் படித்து, மறுபடி விழும்.

இதையெல்லாம் பிடிக்க வேண்டிய ஒரு சரிபார்ப்பான் இருந்தது. அனுப்புவதற்கு முன் கோப்பைச் சோதித்து, சரி என்று முத்திரை குத்துவது அதன் வேலை. அது 21 உள்ளீடு வரும் என்ற நம்பிக்கையிலேயே எழுதப்பட்டிருந்தது. அதனால் முத்திரை குத்தியது.

இப்போது மூன்றாவது கேலிக்கு வரலாம். அன்றே பரவிய ஒரு நீளமான விளக்கம், இது சி பிளஸ் பிளஸ் மொழியின் நல் பாயின்டர் தவறு (எதையும் சுட்டாத முகவரியைப் படிக்கப் போவது), ‘இஃப்’ என்று ஒரு சோதனை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் என்றது. தொழில் தெரிந்த சிலர் உடனே மறுத்தார்கள். யாரும் காதில் வாங்கவில்லை. கோப்பு முழுக்கப் பூஜ்யம் என்று ஒரு வதந்தி. பூஜ்யங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று கம்பெனி சொல்ல வேண்டியதாயிற்று. “இதுக்குத்தான் ரஸ்ட்ல எழுதுங்கன்னு சொல்றோம்” என்று ரஸ்ட் என்ற நிரல் மொழியின் பக்தர்கள் கிளம்பினார்கள். எனக்கும் ரஸ்ட் பிடிக்கும். ஆனால் ரஸ்ட்டில் 20 இடமுள்ள வரிசையில் 21ஆவதைக் கேட்டால் அது பேனிக் ஆகும், அதாவது மேலே போகாமல் தானே நின்றுவிடும். கெர்னலுக்குள் பேனிக் ஆனால், அதைத் தாங்கிப் பிடிக்கத் தனியாக யாராவது எழுதி வைத்திருந்தால் ஒழிய, கணினி நிற்கத்தான் செய்யும். கண்ட நினைவகத்தைப் படிக்காமல் கௌரவமாக நின்றிருக்கும், அவ்வளவுதான். டெல்லிக்குப் போக வேண்டியவருக்கு இரண்டும் ஒன்றே.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் பயன்படுத்துகிறவர்களின் சிரிப்பும் கொஞ்சம் அவசரப்பட்டது. அந்தக் கோப்பு விண்டோஸுக்கு மட்டும் போனது என்பதால் தப்பித்தார்கள். அதே 2024இல், சில மாதங்களுக்கு முன்புதான், டெபியன், ராக்கி என்ற லினக்ஸ் வகைகளிலும் இதே ஃபால்கனால் சர்வர் விழுந்ததாகப் புகார்கள் வந்திருந்தன. சின்ன அளவு என்பதால் யாரும் மீம் போடவில்லை.

பாஸான முதல் கேலி, கேலியே அல்ல. “ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாத்தீங்களா?” என்று ஐடி சப்போர்ட்டைப் பார்த்து நாம் காலங்காலமாகச் சிரித்திருக்கிறோம். அன்று அஜூர் என்ற தன் மேகச் சேவையில் ஓடிய மெய்நிகர் கணினிகளுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த அதிகாரபூர்வ அறிவுரையே அதுதான்: திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் செய்யுங்கள், சிலருக்கு 15 தடவைவரை தேவைப்பட்டிருக்கிறது. அதைப் படித்தவர்கள், மைக்ரோசாஃப்டின் கணக்கை யாரோ ஹேக் பண்ணிவிட்டார்கள் என்றே நினைத்தார்கள். ஆனால் அதில் நியாயம் இருந்தது. கணினி எழும்போது ஒரு சின்னப் பந்தயம் நடக்கிறது. நெட்வொர்க் முந்திக்கொண்டு இணைந்து, ஃபால்கன் திருத்திய கோப்பை இறக்கிவிட்டால் பிழைப்பு. இன்டர்ப்ரெட்டர் முந்திவிட்டால் நீலத் திரை. பதினைந்து தடவை ஓடவிட்டால் ஏதாவது ஒன்றில் நெட்வொர்க் ஜெயிக்கும்.

ஜெயிக்காத கணினிகளுக்குக் கைவைத்தியம்தான். சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் நிலை) நுழை, விண்டோஸ் கோப்புறைக்குள் டிரைவர்கள் இருக்கும் இடத்தில் கிரவுட்ஸ்ட்ரைக் என்ற உறையைத் திற, சி-00000291 என்று தொடங்கும் கோப்பை அழி, ரீஸ்டார்ட் செய். சொல்வதற்கு ஒரு நிமிடம். ஆனால் பெரிய கம்பெனிகளின் கணினிகளில் பிட்லாக்கர் என்ற வட்டுப் பூட்டு இருக்கும். சேஃப் மோடுக்குள் போக, அந்தந்தக் கணினிக்கென்று உள்ள 48 இலக்க மீட்புச் சாவி வேண்டும். கணினியோ நெட்வொர்க்கில் இல்லை. ரிமோட்டில் கைவைக்க முடியாது. ஆகவே போன். அன்று எத்தனையோ ஹெல்ப்டெஸ்க்குகளில் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போயிருக்கும்:

“மேடம், ஸ்கிரீன்ல ரெக்கவரி கீ கேக்குதா?”

“ஆமா தம்பி, கேக்குது.”

“நான் சொல்லச் சொல்ல அடிங்க. மூணு, ஒண்ணு, நாலு, ஒண்ணு, ஒன்பது, மூணு.”

“ம்… அடிச்சிட்டேன். அடுத்தது?”

“இன்னும் ஏழு செட் இருக்கு மேடம்.”

ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும்படி அமைத்திருப்பதால், ஒரு இலக்கம் மாறிப்போனால் அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். எட்டும் அடித்து முடித்த பிறகு தெரியாது. இதை யோசித்து வைத்த மைக்ரோசாஃப்ட் ஆட்களுக்கு அன்று பல சப்போர்ட் பையன்கள் மனசுக்குள் கும்பிடு போட்டிருக்க வேண்டும். சாவிகளைச் சேமித்து வைத்திருந்த சர்வரே நீலத் திரையில் கிடந்த இடங்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஒரு நிறுவனத்தின் ஐடி குழு சாவிகளை பார்கோடாக மாற்றி, கடையில் வாங்கிய ஸ்கேனரைக் கணினியில் செருகி வாசிக்க வைத்தது. ஸ்கேனரைக் கணினி ஒரு கீபோர்டாகத்தான் பார்க்கும். 48 இலக்கமும் ஒரு ‘பீப்’பில் முடிந்தது. இந்த மொத்த விவகாரத்தில் எனக்குப் பிடித்த மூளை அது.

இந்தியாவில் அதிகம் பேசப்பட்டது இண்டிகோவின் கையால் எழுதிய போர்டிங் பாஸ். ஹைதராபாத்தில் கொடுத்த ஒன்றின் படம் உலகமெல்லாம் சுற்றியது. வங்கிகள் பக்கம் பெரிய சேதம் இல்லை. பத்து வங்கிகள் மற்றும் வங்கிசாரா நிதி நிறுவனங்களில் மட்டும் சிறிய தடங்கல் என்றது ரிசர்வ் வங்கி. நம் வங்கிகளின் முக்கிய அமைப்புகளில் பல மேகக் கணிமையில் இல்லாதது அன்று கைகொடுத்தது. அமெரிக்க விமான நிறுவனங்களில் சவுத்வெஸ்ட் அதிகம் அடிபடவில்லை. அவர்கள் இன்னும் பழங்கால விண்டோஸ் 3.1இல் ஓட்டுகிறார்கள், அதனால்தான் என்று யாரோ கேலியாகப் போட்டதைச் செய்தித் தளங்கள் நிஜமென்று எடுத்துப் போட்டன. டெவலப்பர் கேலி செய்தியாளர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அது ஒரு சாம்பிள். முந்தைய நாள் மாலை மைக்ரோசாஃப்டின் அமெரிக்க மத்தியப் பகுதி அஜூர் சேவை தனியாகப் படுத்திருந்ததால், இரண்டையும் ஒன்றாகக் குழப்பி மைக்ரோசாஃப்டைத் திட்டியவர்களும் ஏராளம். ஹங்கேரியில் அன்று ஃபார்முலா ஒன் பயிற்சி நாள். மெர்சிடிஸ் அணியின் திரைகள் நீலமாகிப் போயின. காரில் ஒட்டியிருந்த ஸ்பான்சர் பெயர் கிரவுட்ஸ்ட்ரைக்.

பழைய ஆட்கள் மட்டும் தோண்டி எடுத்த ஒரு கேலி உண்டு. 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி அனுப்பிய ஒரு வைரஸ் விவரக் கோப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் எஸ்விசிஹோஸ்ட் என்ற முக்கியக் கோப்பையே வைரஸ் என்று பிடித்து அடைத்துவிட்டது. அன்றும் உலகமெங்கும் கணினிகள் ரீஸ்டார்ட் சுழலில் மாட்டின. அப்போது மெக்காஃபியின் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி ஜார்ஜ் கர்ட்ஸ். கிரவுட்ஸ்ட்ரைக்கை நிறுவி, 2024இல் அதன் தலைமைச் செயல் அதிகாரியாக இருந்தவரும் அவரே. இதை ஜாதக தோஷம் என்று சிரித்தார்கள். அது இருக்கட்டும். இரண்டு தடவையும் கவிழ்த்தது புரோகிராம் அல்ல, புரோகிராமுக்குப் போட்ட தீனி.

பாஸான இரண்டாவது கேலி இதோடு ஒட்டிப் போவது. நம் ஆபீஸ்களில் எல்லோர் வாயிலும் இருக்கிற வாக்கியம்தான். புரொடக்‌ஷன் படுத்துவிடும், மேனேஜர் ஓடி வருவார், “யாருப்பா என்ன மாத்தினது?” பதில் உடனே வரும்: “கோட் எதுவும் தொடல சார், கான்ஃபிக் மட்டும்தான்.” கான்ஃபிக் என்றால் மென்பொருளுக்குக் கொடுக்கும் அமைப்பு விவரம். அன்று எங்கள் குரூப்பில் கிரவுட்ஸ்ட்ரைக்கின் பதில் இதுவாகத்தான் இருக்கும் என்று ஒருத்தன் அடித்துவிட்டான். அறிக்கை சொல்வதன் சாரமே அதுதான். சென்சார் பதிப்புக்கு முழுச் சோதனை, படிப்படியான வெளியீடு, வாடிக்கையாளருக்குக் கட்டுப்பாடு எல்லாம் இருந்தன. சானல் கோப்பு ‘வெறும் விவரம்’ என்பதால் இவற்றில் பல அதற்கு இல்லை. சரிபார்ப்பானின் முத்திரை, முந்தைய கோப்புகள் ஒழுங்காகப் போன நம்பிக்கை, இரண்டும் போதும் என்று விட்டுவிட்டார்கள். பழைய பதிப்பிலேயே இருக்கிறேன், எனக்கு ஆபத்தில்லை என்று நினைத்திருந்த கம்பெனிகளும் அன்று படுத்தன. அந்தத் தேர்வு சென்சாருக்கு மட்டும்தான், கோப்புக்கு இல்லை என்பது பலருக்கு அன்றுதான் புரிந்தது. ஆனால் இன்டர்ப்ரெட்டர் ஒன்று அதைப் படித்து நடக்கிறது என்றால், அதுவும் கோடுதான். கெர்னலுக்குள் படிக்கப்படுகிறது என்றால், கெர்னல் கோடு.

இங்கே கிரவுட்ஸ்ட்ரைக்கை மட்டும் குத்தம் சொல்வது சுலபம். யாமல் என்ற கான்ஃபிக் கோப்பில் ஒரு வரி மாற்றிவிட்டு ரிவ்யூ கேட்காமல் மெர்ஜ் செய்யாத டீம் எது?

சேதத்துக்குப் பிறகு வந்த நகைச்சுவையைக் கம்பெனியே சப்ளை செய்தது. சிரமப்பட்ட கூட்டாளி நிறுவனங்களின் ஆட்களுக்கு நன்றி என்று 10 டாலர் ஊபர் ஈட்ஸ் கூப்பன் அனுப்பினார்கள். ஒரே கூப்பன் எண்ணைப் பலர் பயன்படுத்தியதால் ஊபரின் அமைப்பு அதை மோசடி என்று சந்தேகித்து நிறுத்த, சிலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஆகஸ்டில் லாஸ் வேகஸில் நடந்த டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில், கிரவுட்ஸ்ட்ரைக்குக்கு ‘மாபெரும் சொதப்பல்’ பிரிவில் பௌனி விருது கொடுத்தார்கள். கம்பெனியின் தலைவர் மைக்கேல் சென்டோனாஸ் மேடையேறி நேரில் வாங்கிக்கொண்டார். ஊழியர்கள் எல்லோரும் பார்க்கும்படி தலைமையகத்தில் வைக்கப்போவதாகச் சொன்னார். அன்றைய கூட்டம் கைதட்டியது. எனக்கும் அந்த ஒரு இடத்தில் மரியாதை வந்தது.

உள்ளே நடந்த திருத்தங்கள் எல்லாம் பாடப்புத்தக ரகம். உள்ளீட்டு எண்ணிக்கையை, கோடை இயங்கும் மென்பொருளாக மாற்றும் கம்பைல் நேரத்திலேயே ஒப்பிடுவது, வரிசையின் எல்லையைச் சோதிப்பது, சானல் கோப்பையும் முதலில் சில கணினிகளுக்கு அனுப்பிப் பார்த்துப் பிறகு மற்றவர்களுக்கு அனுப்புவது, எப்போது வாங்குவது என்பதை வாடிக்கையாளரே தீர்மானிக்க விடுவது. மைக்ரோசாஃப்ட் பாதுகாப்பு மென்பொருள்களைக் கெர்னலுக்கு வெளியே நகர்த்தும் வேலையைத் தொடங்கியது. 2025இல் நீலத் திரையைக் கறுப்பாக மாற்றுவதாகவும் அறிவித்தது. எங்கள் ஆட்கள் இந்த இரண்டாவதைத்தான் அதிகம் பேசினார்கள்.

சுமார் 7,000 விமானங்களை ரத்து செய்து, 50 கோடி டாலர் இழப்பு என்று கணக்குக் காட்டிய டெல்டா விமான நிறுவனம், கிரவுட்ஸ்ட்ரைக் மீது வழக்குப் போட்டு 2024 அக்டோபரில் ஜார்ஜியா மாநில நீதிமன்றத்துக்குப் போனது. மற்ற விமான நிறுவனங்கள் இரண்டு மூன்று நாளில் எழுந்துவிட்டன, உங்கள் பழைய அமைப்புகள்தான் உங்களைக் கவிழ்த்தன என்பது எதிர்த்தரப்பின் வாதம். 2025 மே மாதம் நீதிபதி, கடும் அலட்சியம் என்ற குற்றச்சாட்டு உட்பட வழக்கின் பெரும்பகுதி தொடரலாம் என்று சொல்லிவிட்டார். டெல்டாவின் மனுவில் உள்ள முக்கிய வாதம் எந்த ஜூனியர் டெவலப்பருக்கும் புரியும்: அனுப்புவதற்கு முன் ஒரே ஒரு கணினியில் போட்டுப் பார்த்திருந்தாலும், அந்தக் கணினி விழுந்திருக்கும்.